ஊமத்தை தின்ற சனிக்கிழமை

பூச்செடிகளுக்கு நடுவே முளைப்பதில் எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று பார்த்துப் பிடுங்குகிற வேலை எனக்குக் கல்யாணமான இரண்டாம் மாதத்தில் கிடைத்தது. கிடைத்தது என்பதைவிட, தேயிலைக் கொழுந்து மலையிலிருந்து என்னைக் கழித்துவிட்டார்கள் என்பதே சரி.

நான் ராகலைப் பக்கத்துப் பெண். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே மரக்கறித் தோட்டங்கள். லீக்ஸ் பாத்தியிலும் கரட் பாத்தியிலும் களை பிடுங்கியே வளர்ந்தவள். றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது கொழுந்து பறிக்கக் கை ஓடவில்லை. என் மாமியார் ஒரு நிரையை முடித்துத் திரும்பும்போது நான் பாதி நிரையில் நின்றுகொண்டிருப்பேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். என் கூடைக்குள் ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பதில் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

ஒரு நாள் காலையில் கங்காணி, "நீ பங்களாவுக்குப் போ புள்ள. பூந்தோட்டத்துல புல்லு எடுக்க ஆளு கேக்குறாங்க" என்றார். அன்றிலிருந்து பங்களாத் தோட்டம் என்னுடையதாயிற்று. என்னுடையதும் அக்காவுடையதும்.

அக்கா கீழ் லயத்தில் இருந்த வேதக்காரப் பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். களைச் சுரண்டியைக் கையில் எடுக்குமுன் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்வார். களையைப் பற்றி அவருக்குப் பெரிதாகத் தெரியாது. "இது புல்லா, பூவா?" என்று என்னைத்தான் கேட்பார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் உயரமாகவே நடந்தேன்.

பங்களா ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. காலையில் நாங்கள் படியேறிப் போகும்போது அது இருக்காது. மூடுபனிதான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு புகைக்கூண்டு தெரியும். பிறகு ஒரு ஜன்னல். பிறகு ரோசாச் செடிகள், ஒவ்வொன்றாக, யாரோ நினைத்து நினைத்து அவற்றை உண்டாக்குவதுபோல. நீலமும் வெளிர்சிவப்புமாகப் பந்து பந்தாகப் பூக்கும் செடிகள் வேலியோரம் முழுவதும் நின்றன. தோட்டத் துரையின் மனைவியான துரைசாணி அவற்றுக்குச் சொன்ன பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் பந்துப்பூ என்றோம்.

களைக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. வெட்டவெளியில் முளைப்பது அசட்டுக் களை. அதைச் சுரண்டி பார்த்துக்கொள்ளும். கெட்டிக்காரக் களை பூச்செடியின் தண்டோடு தண்டாக ஒட்டி எழும்பும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே செடி. குந்தி உட்கார்ந்து, தலையைச் செடிக்குள் விட்டு, தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தைப் பார்க்க வேண்டும். புளியாரையை அவசரப்பட்டு இழுத்தால் இலைதான் கையோடு வரும். குட்டிக் கிழங்குகள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஓர் இலையைக் கசக்கி மோந்து பார்ப்பேன். கண் ஏமாந்தாலும் மூக்கு ஏமாறாது.

பந்துப்பூச் செடிக்குள் தலையை விட்டுவிட்டால் வேறு உலகம். பச்சை வெளிச்சம், சொட்டுச் சொட்டாக ஈரம், நூலில் தொங்குகிற சிலந்தி. கீழே எங்கோ ரயில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்கும். அது மேலேறுகிறதா நான் கீழே இறங்குகிறேனா என்று குழம்பும். "புள்ள, இருக்கியா, போயிட்டியா?" என்று அக்கா கூப்பிடும்போதுதான் எனக்கு உடம்பு ஒன்று இருப்பது ஞாபகம் வரும்.

அரிசி கிடைக்காத வருஷங்கள் அவை. எழுபதுகளின் நடுவில் மலையில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கூப்பனுக்குக் கிடைக்கிற மாவும் அளவுதான். அந்த மாவில் தட்டிய ரொட்டி பகலுக்கு ஒன்று, இரவுக்குப் பாதி. மரவள்ளிக்கிழங்கு கிடைத்தால் அன்று விருந்து. அந்தக் காலத்தில்தான் நான் பிடுங்கி எறிகிற களையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். பங்களா மண் எரு போட்ட மண். அங்கே குப்பைக்கீரை கொழுகொழுவென்று வரும். வல்லாரை வரும். மணத்தக்காளி ரோசாவின் நிழலில் தளதளவென்று நிற்கும். ஒரு நாள் அவற்றைத் தனியாகச் சேர்த்து என் கம்பளியில் சுற்றிக்கொண்டு படியிறங்கும்போது துரைசாணி கண்டுவிட்டார்.

அவர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் கொஞ்சம் பேசுவார்.

"அது என்ன?"

"கீரைங்க துரைசாணி. பூவுக்குள்ள மொளச்ச கீர."

அவர் கம்பளியை விலக்கிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அங்கே எதைக் கண்டாரோ தெரியாது. "களைதானே. கொண்டு போ" என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு தினமும் எங்கள் வீட்டில் கீரைச் சுண்டல். அக்கா வீட்டிலும்தான். இரண்டு பேரும் சரிபாதி பிரித்துக்கொள்வோம். என் மாமியார் கீரையை வாங்கும்போதும் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் கூடைக்குள் பார்த்த அந்தப் பார்வை இல்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். என் கணவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். வீட்டுக்கு வரும்போது புருவத்தில் தேயிலைத் தூள் படிந்திருக்கும். பேச்சு மட்டும் வராது. ஐந்து மாதத்தில் அவர் என்னோடு பேசியதை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். "சாப்டியா", "மழ வருது", "வெளக்க ஏத்து". அம்மா சொன்னதற்காக என்னைக் கட்டிக்கொண்டார், என்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று நான் நினைத்தேன். கேட்கிற தைரியம் இல்லை. கேட்டாலும் பதில் கைக்குட்டைக்குள் அடங்குவதாகத்தான் இருந்திருக்கும்.

ஆனி மாத மழை தொடங்கியது. றொசல்ல மழை ராகலை மழையைப் போல இல்லை. நிற்கவே நிற்காது. எனக்குச் சளி பிடித்து ஒரு வாரமாக மூக்கு அடைத்திருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் மாட்டுப்பட்டியிலிருந்து எரு மண் கொண்டுவந்து ரோசாச் செடிகளுக்கெல்லாம் போட்டிருந்தார்கள். அந்த மண்ணோடு என்ன விதைகள் வந்தனவோ, பாத்தி முழுக்கப் புதுக் கன்றுகள்.

சனிக்கிழமைகளில் மதியத்தோடு வேலை முடியும். அன்று மூடுபனி கலையவே இல்லை. மணத்தக்காளிக் கன்றுகளோடு இன்னும் கொஞ்சம் அகலமான இலையில், அதே பச்சையில், இளங்கன்றுகள் நின்றன. ஒன்றைக் கசக்கி மோந்தேன். எந்த வாசமும் வரவில்லை. மூக்கடைப்பில் எனக்குத் தேயிலை வாசமே வராத வாரம் அது. வாசமில்லை என்பதையும் கெட்ட வாசமில்லை என்பதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன்.

"இது என்ன புள்ள, புதுசா இருக்கு?" என்று அக்கா கேட்டார்.

"மணத்தக்காளிதாங்க்கா. எரு போட்டதுல எல பெருசாயிருக்கு."

அக்கா என்னை நம்பினார். இரண்டு பங்காகப் பிரித்தோம்.

நான் வீட்டுக்கு வந்து காய்ந்த மிளகாயும் வெங்காயமும் போட்டுச் சுண்டினேன். மூன்று பேரும் ரொட்டியோடு சாப்பிட்டோம். கொஞ்சம் கசந்தது. மணத்தக்காளி கசக்கத்தான் செய்யும்.

முதலில் வாய் காய்ந்தது. தண்ணீர் குடித்தேன், தண்ணீர் நாக்கை நனைக்காமல் இறங்கியது. மறுபடி குடித்தேன். முகம் சுட்டது. வாசல் வழியாக மூடுபனி உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தது. உண்மையாகவே வந்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சிமெந்துத் தரையைப் பார்த்தேன். அங்கே களை முளைத்துக்கொண்டிருந்தது.

எனக்குப் பயமே வரவில்லை. இத்தனை நாள் வீட்டுக்குள் முளைத்திருந்ததைக் கவனிக்கவில்லையே என்றுதான் வெட்கமாக இருந்தது. குந்தி உட்கார்ந்து பிடுங்கத் தொடங்கினேன். ஒவ்வொன்றும் வேரோடு வந்தது. கிழங்கு ஒன்றுகூட உள்ளே தங்கவில்லை. அப்படி ஒரு சுகமான களையெடுப்பு என் வாழ்நாளில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ரயில் ஒன்று அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் இடையால் மெதுவாகப் போயிற்று. ஜன்னல்களில் இருந்தவர்கள் என் வேலையைப் பார்த்துத் தலையசைத்தார்கள். யாரோ என் தலைமுடிக்குள் விரலை விட்டு நுனி நுனியாகக் கிள்ளினார்கள். தேயிலைச் செடிக்கு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, ஒன்றும் வலிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்சத்தை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்கா தன் பங்குக் கீரையைப் பின்னேரம்தான் ஆய உட்கார்ந்திருக்கிறார். ஒரு கன்றை ஒடித்தபோது குப்பென்று ஒரு நாற்றம், கெட்டுப்போன எண்ணெய் மாதிரி. இலையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒன்றிரண்டு கன்றுகளில் ஓரம் பல்லுப் பல்லாக வெட்டுப்பட்டிருந்ததாம். ஒரு பிடியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, மழையில் மேல் லயத்துக்கு ஓடிவந்திருக்கிறார்.

வாசலில் நின்றே, "அத சாப்புடாதீங்க!" என்று கத்தினாராம். உள்ளே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் தரையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். என் பின்னால் மாமியார் நின்று என் தலைமுடியிலிருந்து கொழுந்தெடுத்துத் தோளுக்குப் பின்னால், இல்லாத கூடைக்குள், போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னடி பண்ற?"

"புல்லு புடுங்குறேன்க்கா. நெறைய மொளச்சிருக்கு. நீங்களும் உக்காருங்க."

"மாமி, நீங்க என்ன பண்றீங்க?"

"தள்ளி நில்லு. இது என் நெர" என்றாராம் மாமியார்.

என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஆணியில் தொங்கிய என் கம்பளியோடு பேசிக்கொண்டிருந்தார். அதை நான் என்று நினைத்திருக்கிறார். எந்த நாளும் பேசாத மனிதர் நிறுத்தாமல் பேசியதைக் கண்டுதான் அக்காவுக்கு நிலைமை புரிந்ததாம்.

அக்கா ஓடிப்போய்த் தோட்டத்து மருந்துக்காரரைக் கூட்டிவந்தார். எல்லோரும் அவரை டாக்டரையா என்போம். அவர் எங்கள் இமைகளைத் தூக்கிப் பார்த்து, "கண்ணுல கறுப்பு மட்டுந்தான் இருக்கு. என்ன தின்னாங்க?" என்று கேட்டார். அக்கா சேலைத் தலைப்பை அவிழ்த்து நீட்டினார்.

"ஊமத்த" என்றார் அவர். "கொழுந்து லொறிய வரச் சொல்லுங்க."

குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள் என்று தொண்டைப் புண்தான் எனக்குச் சொல்லியது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் என் கணக்கில் இல்லை. திங்கட்கிழமை தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழித்தேன். பக்கத்துக் கட்டிலில் மாமியார். அதற்கு அப்பால், தட்டிக்கு அந்தப் பக்கம், என் கணவர் இருமுவது கேட்டது. மூன்று பேரும் இருக்கிறோம். எல்லாம் ஞாபகம் வந்து நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

வீடு திரும்பிய பிறகும் பல நாள் கண் சரியாகவில்லை. எதிர்மலையில் கொழுந்தெடுக்கிற பெண்களை எண்ணிவிடலாம். என் கையிலிருக்கும் ரேகை தெரியாது. வெளிச்சம் குத்தும். மூன்று பேரும் வாசலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மூடுபனி வந்தால் இதமாக இருக்கும். யாரும் கீரையைப் பற்றிப் பேசவில்லை. லயத்தில் மட்டும் பேச்சும் சிரிப்பும். "ராகலைப் பொண்ணு மாமியாள கொல்லப் பாத்துச்சு" என்று ஒருத்தி சொல்ல, பத்துப் பேர் சிரித்தார்கள். அவர்கள் விளையாட்டாகத்தான் சொன்னார்கள். எனக்குத்தான் அது விளையாட்டாக இல்லை. மூன்று உயிர். அக்கா வீட்டையும் சேர்த்தால் இன்னும் அதிகம். என் மூக்கையும் என் பெருமையையும் நம்பி.

வேலைக்குத் திரும்பிய அன்று துரைசாணி வெளியே வந்தார். சீட்டுக் கிழிந்தது என்றே நினைத்தேன்.

"எங்கே அந்தச் செடி? காட்டு."

ரோசாப் பாத்தியில் இன்னும் பத்துப் பதினைந்து கன்றுகள் நின்றன. இப்போது மூக்குத் திறந்திருந்தது. ஒன்றைத் தொட்டதுமே அந்த நாற்றம். துரைசாணி குனிந்து பார்த்து, "அத்தன!" என்றார். சிங்களத்தில் அதற்கு அதுதான் பெயர். அவர் முகம் வெளுத்தது. அவருடைய ஐந்து வயது மகள் அந்தச் செடிகளுக்கு அடியில்தான் இலை கிள்ளிச் சோறு கறி ஆக்கி விளையாடுவாள். அது அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்தார். ஈர மண்ணில் எங்களோடு குந்தி உட்கார்ந்தார். அவருக்கு எது எதுவென்று தெரியவில்லை. கண்டதையெல்லாம் பிடுங்கி என்னிடம் நீட்டினார்.

"இதுவா?"

"இல்லீங்க, அது வல்லார."

"இதுவா?"

"அது உங்க ரோசாக் கன்னுங்க துரைசாணி."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். துரைசாணி கையிலிருந்த கன்றைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். மூடுபனிக்குள் மூன்று பெண்கள் ஆளுக்கொரு செடிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் காணாமல், குரலால் மட்டும் "இதுவா, இதுவா" என்று கேட்டுக்கொண்டிருந்தோம். மத்தியானத்துக்குள் பாத்தி சுத்தமாயிற்று. கையைக் கழுவச் சவர்க்காரம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நாளைக்கும் பார். விதை இன்னும் இருக்கும்" என்றார். அப்படித்தான் என் வேலை தப்பியது. விதை இருக்கத்தான் செய்தது. அவர்கள் மாற்றலாகிப் போய், வேறு துரை வந்து, எண்பதுகளில் நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை ஒவ்வொரு மழைக்கும் ஒன்றிரண்டு தலைகாட்டிக்கொண்டே இருந்தன.

அன்று படியிறங்கும்போதுதான் அக்கா சொன்னார். "ஒம் புருசன் கம்பளிக்கிட்ட என்ன பேசினாருன்னு கேக்கவே இல்லையே நீ."

"என்ன பேசினாரு?"

"ராகலைக்கு ரெண்டு தடவ வந்தாராம். பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தியே. பஸ்ஸ விட்டு எறங்கி லீக்ஸ் பாத்தி ஓரமா நின்னாராம். நீ குனிஞ்சு களை புடுங்கிக்கிட்டே இருந்தியாம், நிமிந்தே பாக்கலயாம். 'பாத்திருந்தா நான் ஓடியிருப்பேன் புள்ள'ன்னு சொல்றாரு, கம்பளியப் புடிச்சுக்கிட்டு."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்துவிட்டுத் தனியே இறங்கிப்போனார்.

இரண்டு நாள் பொறுத்து, விடியற்காலையில் மாமியார் பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில், என் கணவரிடம் கேட்டேன்.

"நீங்க ராகலைக்கு வந்தீங்களா? முந்தி?"

தேநீர்க் கோப்பை அவர் வாயருகே நின்றது. "யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்களாம். கம்பளிக்கிட்ட."

"மயக்கத்துல மனுசன் என்னமோ ஒளறுவான்" என்றார். காது நுனி சிவந்திருந்தது. கோப்பையைக் கீழே வைத்து, எழுந்து, வாசல் வரை போய், திரும்பி வந்தார். "ரெண்டு தடவ இல்ல" என்றார். "மூணு." பிறகு ஸ்டோருக்குப் போய்விட்டார். அன்று அவருக்கு வேலை பின்னேரம்தான்.

கீரை கொண்டுவருவதை நான் நிறுத்தியிருந்தேன். நல்ல குப்பைக்கீரையையும் உரக்குழியில் போட்டேன். ரொட்டிக்கு வெறும் சம்பல்தான்; சில நாள் அதுவும் இல்லை. ஒரு மாதம் அப்படியே போயிற்று. ஒரு பின்னேரம் மழை விட்டிருந்தது. மாமியார் கொழுந்து மலையிலிருந்து வந்து இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து உதறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"பங்களாவுல கீரயே மொளைக்கிறது இல்லையா இப்ப?"

"மொளைக்குது மாமி."

"அப்பறம்?"

அவர் படங்கை மடித்து வைத்தார்.

"நாளைக்குக் கொண்டா."

மறுநாள் குப்பைக்கீரை மட்டும் கொண்டுவந்தேன். ஒவ்வொரு தண்டாக ஒடித்து மோந்தேன். அக்காவையும் மோந்து பார்க்கச் சொன்னேன். வீட்டில் ஆயும்போது இன்னொரு தடவை மோந்தேன். சுண்டி இறக்கினேன். என் கணவர் தட்டை நீட்டினார். மாமியார் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"இரு. நான் மொதல்ல."

அவர் வாசலுக்கு நேரே, வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஒரு ரொட்டியைக் கீரையோடு நிதானமாகத் தின்றார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எதிர்மலையில் வெயில் ஒரு துண்டு விழுந்து நகர்ந்தது. மாமியார் நாக்கை நீட்டி விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வாய் காயல" என்றார். இன்னொரு ரொட்டியை எடுத்துக்கொண்டு, சட்டியை எங்கள் பக்கம் தள்ளினார். "உப்புதான் கொஞ்சம் கொறவு."